புதுப் பாவு, புது பாஸ்வேர்டு

நிக்கத்துக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. குமரகுருவின் பட்டுக் கடையில் பதினோரு வருடமாகக் கடிதப் போக்குவரத்தெல்லாம் அவள் கையில்தான். ஆனால் அவளுடைய நாற்காலியில் பெரும்பாலும் கைப்பைதான் உட்கார்ந்திருக்கும்.

அன்று காலையிலிருந்து கடை மெயிலைத் திறந்தால் கணினி பாஸ்வேர்டு கேட்டது. அடித்தாள், மறுபடியும் கேட்டது. செல்லுக்கு வந்த எண்ணைப் போட்டுப் புது பாஸ்வேர்டு வைத்தாள். அரைமணி நேரம் ஓடியது, திரும்பவும் அதே கேள்வி. ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். கீபோர்டை மாற்றினாள். நான்காம் முறையாகப் பாஸ்வேர்டையும் மாற்றினாள். சிங்கப்பூர் வாடிக்கையாளருக்கு மூன்று மணிக்குள் மெயிலில் புடவை பார்டர் படம் போயாக வேண்டும்.

இரண்டே காலுக்குக் குமரகுரு தறிக்கூடத்திலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"அங்க இருக்கற கம்ப்யூட்டர்லயும் கடை மெயில் பாஸ்வேர்டு கேட்டுக்கினே இருக்குதும்மா. நானும் என் செல்லுக்கு வர்ற நம்பரைப் போட்டு மாத்திக்கினே இருக்கறேன்."

"மொதல்ல எதுக்கு முதலாளி மாத்துனீங்க?"

"காலைல தறியில புதுப் பாவு நூல் ஏத்தினோம் இல்ல. மொத புடவைய தறியில இருந்து அறுக்கற வரைக்கும் டிசைனை வெளிய சொல்ல மாட்டோம். அது மெயில்லதானே இருக்குது, அதான் பூட்டி வெச்சேன்."

"என்கிட்டகூட சொல்லாமயா?"

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதும்மா. எதிர்க்கடைக்காரனுக்குப் பாம்புக் காது."

நிக்கத் நாற்காலியிலிருந்து கைப்பையை எடுத்தாள்.

"அப்ப புடவைய அறுத்ததும் போன் பண்ணுங்க முதலாளி. அதுவரைக்கும் நான் வூட்ல இருக்கறேன்."

அவள் ஒரு செருப்பைத்தான் மாட்டியிருந்தாள். அதற்குள் குமரகுரு வாசலுக்கே ஓடி வந்து, எதிர்க்கடை வரை கேட்கும்படி, பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாகச் சொல்லத் தொடங்கினார்.