களைக்குது என்ற ஒரு சொல்

அந்தத் தவக்காலத்தில் எனக்குச் செபிக்கக்கூடத் தெம்பு இருக்கவில்லை. யுத்தம் முடிவதற்கு முந்திய வருடம் அது. கொழும்பு, கொட்டாஞ்சேனையில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தேன். இருபத்திரண்டு பேரைப் பார்க்க நாங்கள் இரண்டே பேர். மூன்றாவதாக இருந்தவள் குண்டுவெடிப்புகளுக்குப் பயந்து வேலையை விட்டுவிட்டாள்.

இல்லத்தில் இருந்த பூமணி அன்ரி யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். மாசி மாதம் தொடங்கி அவருக்கு ஒரே சொல்தான். "களைக்குது பிள்ளை." நான் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் களைப்பு என்றால் அசதி. கிழமைக்கு ஒருமுறை வரும் சிங்கள டொக்டரிடம் "மஹன்சி" என்று நானே மொழிபெயர்த்தேன். சத்து மாத்திரை எழுதித் தந்தார். அந்த நாட்களில் யாருக்குத்தான் அசதி இல்லை?

அன்ரி கட்டிலில் படுக்க மறுத்தார். கதிரையில் இருந்தபடியே மேசையில் தலையைச் சாய்த்துத் தூங்கினார். பிடிவாதம் என்று நான் ஏசினேன். வெட்கத்தோடுதான் இதை உங்களிடம் சொல்கிறேன்.

ஒரு நாள் விசேட வைத்தியரிடம் காட்டலாம் என்று ஓட்டோவில் கூட்டிப் போனேன். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைப் பார்த்தார்கள். யாழ்ப்பாண விலாசம். கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவுத் துண்டும் காலாவதியாகியிருந்தது. வெயிலில் நிறுத்தி வைத்து விசாரித்து விடும்போது டொக்டர் போய்விட்டிருந்தார். இனித் தன்னை எங்கேயும் கொண்டு போக வேண்டாம் என்று அன்ரி சொல்லிவிட்டார். கால்கள் வீங்கின. சோறும் இறங்கவில்லை. என் கையிலேயே இவர் போய்விடுவார் என்று பயந்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயில் நவநாளுக்குப் போனேன். புத்தகத்தில் இருந்த செபம் ஒன்றும் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, களைச்சுப் போச்சு, இனி ஏலாது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அதை ஒரு செபம் என்றுகூட நான் நினைக்கவில்லை.

வியாழக்கிழமை இல்லத்தை நடத்தும் சிஸ்டர் கூப்பிட்டார். எங்கள் இல்லத்தில் இறந்துபோன ஒருவரின் மகள் லண்டனில் இருந்து ஒரு கம்ப்யூட்டரும் கமராவும் அனுப்பியிருந்தார். அங்கேயுள்ள ஓர் இருதய டொக்டர் திரையில் எங்கள் ஆட்களைப் பார்ப்பாராம். இன்னொரு வேலை தலையில் விழுந்தது என்று முணுமுணுத்துக்கொண்டே அன்ரியைச் சக்கரக் கதிரையில் தள்ளிக்கொண்டு போனேன். படம் நின்று நின்று வந்தது. டொக்டர் தமிழர், அதுவும் யாழ்ப்பாணத்தார். என்ன செய்கிறது என்று கேட்டார்.

"களைக்குது தம்பி."

அசதியாம் என்று நான் குறுக்கே விழுந்து விளக்கினேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"தங்கச்சி, எங்கட ஆக்கள் களைக்குதெண்டால் மூச்சு வாங்குதெண்டு அர்த்தம். அம்மா, படுத்தாலும் களைக்குதோ?"

"படுக்கவே ஏலாது. அதுதான் கதிரையில இருக்கிறன். இந்தப் பிள்ளைக்கு அது விளங்கேல்லை."

முழங்காலுக்குக் கீழே பெருவிரலால் அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். குழி அப்படியே நின்றது. நெஞ்சில் தண்ணீர் கட்டியிருக்கிறது, இன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றார். இல்லத்து டொக்டருக்கு நான் போன் எடுத்தேன். "மஹன்சி இல்லை டொக்டர், ஹதி" என்று, மூச்சு வாங்குவதற்குரிய சிங்களச் சொல்லை அழுதுகொண்டே சொன்னேன். அவர் உடனே தன் காரிலேயே வந்து அன்ரியை முன் ஆசனத்தில் ஏற்றி, சாவடிகளில் தானே சிங்களத்தில் கதைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

குருத்து ஞாயிறுக்கு முதல் நாள் அன்ரி திரும்பி வந்தார். வந்ததும் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்துத் தூங்கினார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்றிலிருந்து யார் எந்த நோவைச் சொன்னாலும், உங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுவிட்டுத்தான் டொக்டரிடம் சொல்கிறேன். எனக்கு இன்றும் அசதிதான், மறைக்கவில்லை. ஆனால் களைத்துப்போன பிள்ளைகளே, செபிக்க வார்த்தை வரவில்லை என்று கோயிலுக்குப் போகாமல் இருக்காதீர்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் என்னுடைய அசதியைத்தான் சொன்னேன். ஆண்டவர் பூமணி அன்ரியின் மூச்சைக் கேட்டார்.