பியானோவின் பிளக்

போன சனிக்கிழமை பியானோ டியூனர் எங்கள் கல்லடி வீட்டுக்கு வந்தார். கொழும்பிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை வருபவர். மூடியைத் திறந்து, கம்பி சுற்றிய ஓர் ஆணியைத் திருகினார். இன்னொன்றைத் திருகினார். பிறகு பெருமூச்சு விட்டார்... டாக்டர்கள் விடக்கூடாத பெருமூச்சு.

"ஆணி நிக்கிற கட்டை வெடிச்சிருச்சு மிஸ். இப்ப முறுக்கி விட்டாலும் பின்னேரம் சுருதி இறங்கிடும். இனி என்னால ஒண்ணும் செய்ய ஏலாது."

மிஸ் என்பது என் மனைவி. அந்தப் பியானோவில்தான் ஏழு பிள்ளைகள் அவளிடம் படிக்கிறார்கள். அடுத்த மாதம் பரீட்சை. இன்னொரு பியானோவுக்கு எங்கே போவது?

ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல் — நடுவே மரப்பெட்டி! மாரியில் ஊதும், வறண்ட கச்சான் காற்றுக்குச் சுருங்கும். அதற்காகவே உள்ளே ஒரு கருவி பூட்டியிருந்தோம். ஈரம் கூடினால் ஒரு கம்பி சூடாகும். காய்ந்தால் சின்னத் தொட்டியிலிருந்து ஈரம் கிடைக்கும். மஞ்சள் லைட் எரிந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டும். கரண்ட் மட்டும் நிற்கவே கூடாது.

"நான் ஒருநாளும் தண்ணி ஊத்த மறக்கல்லயே சேர்!" என்றாள் மனைவி.

"கரண்ட்?" என்றார் டியூனர்.

"ஓம், எந்நேரமும் போட்டுத்தான் இரிக்கி."

நான் அவசரமாகக் கலண்டரைப் பார்த்தேன்.

இடி முழங்கினால் நாம் முதலில் என்ன செய்வோம்? பிளக்கைக் கழற்றுவோம்! டிவி, ஃபிரிட்ஜ்... நான் மகா புத்திசாலி அல்லவா, பியானோவையும் காப்பாற்றினேன். மழை விட்டதும் டிவிக்குத் திரும்பக் கொழுவுவேன். பியானோவுக்கு? மாரி முடிந்த பிறகுதான் ஞாபகம் வரும். மூன்று மாரியாக, ஈரம் கொட்டும் மாதங்களில்தான் அது கரண்ட் இல்லாமல் கிடந்தது.

அவள் தினமும் குனிந்து பார்ப்பாள். மஞ்சள் எரியாது. தண்ணீர் போதும் என்று நிமிர்ந்துவிடுவாள். கரண்டே இல்லாத லைட் எப்படி எரியும்?

டியூனர் போனதும் மூடியைச் சாத்திவிட்டு அழுதாள். "நான்தான் தண்ணியக் கூடுதலா ஊத்திப் பழுதாக்கிட்டன் போல... பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்ற?"

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அழாத புள்ள... ஆருக்கும் பிழை வரும்தானே" என்றேன்.

ஆமாம் — நான் அவளை மன்னித்துவிட்டேன்!