கம்பத்தில் காய்ந்த வேட்டி

மேல்மாடிக் கொடியில் போட்ட வேட்டி காற்றில் படபடத்தால் எனக்குக் கைவேலை ஓடாது. நான் இப்போது இருக்கும் யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில், தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்றுக்குக் குறைவில்லை. வேட்டி பாய் மாதிரி வயிறு உப்பி நிற்பதைப் பார்த்ததும், ஈரப் பாய்ச்சீலையின் அந்தப் பழைய மணம் எங்கிருந்தோ மூக்குக்கு வந்துவிடும்.

என் முதல் ஆசிரிய நியமனம் ஒரு பாய் வள்ளத்தில்தான் தொடங்கியது. எஞ்சின் போட் எட்டியும் பார்க்காத ஒரு சின்னத் தீவுக்கு. வள்ளக்காரர் இராசண்ணை தீவுக்கு எதிர்க்கரையில் குடியிருப்பவர். பாதிக் கடல் தாண்டிய பிறகு சாவகாசமாகச் செய்தி சொன்னார்.

"மாஸ்டர், சனமெல்லாம் முல்லைத்தீவுப் பக்கம் வாடிக்குப் போயிட்டுது. பிள்ளையளும்தான். சோளகம் முடியத்தான் வருங்கள். திரும்புவமோ?"

காற்று மாறினால் மீனவக் குடும்பங்கள் சட்டிபானையோடு கிழக்குக் கரைக்குப் போய்க் கொட்டில் போட்டுத் தொழில் செய்யும் என்பது, சாவகச்சேரித் தோட்டக்காரன் மகனான எனக்கு எப்படித் தெரியும்? கீரிமலையில் குளித்ததுதான் என் கடல் அனுபவம். ஆனாலும் புது உத்தியோக மிடுக்கு விடவில்லை.

"இல்லை, நிப்பன்" என்றேன்.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை வாறன்."

பாய் தூரத்தில் சின்னதாகும்வரை கரையில் நின்றேன். பிறகு ஊர் பார்க்கப் புறப்பட்டேன். முருகைக்கல் மதில்கள், பூட்டிய படலைகள், காவோலை விழுகிற சத்தம். பள்ளிக்கூடத்தில் ஒரு ஆடு படுத்திருந்தது. மணிக்காகக் கட்டியிருந்த தண்டவாளத் துண்டை அடித்துப் பார்த்தேன். ஆடு என்னைப் பார்த்துவிட்டு மறுபடி அசைபோட்டது. வந்த முதல் நாளே மரியாதை அவ்வளவுதான்.

பொழுது சாயத் தனிமை வந்து நெஞ்சில் குந்திக்கொண்டது. வாய்விட்டுக் கதைத்துப் பார்த்தேன், என் குரலே எனக்குப் பயமாக இருந்தது. ஞாயிறுவரை தாங்க மாட்டேன் என்று விளங்கிவிட்டது. ஆனால் போவதற்கு வழி ஏது?

மறுநாள் காலை கிணற்றடியில் வேட்டியைத் தோய்த்தேன். இறங்குதுறையில் ஒரு பனங்கம்பம், கயிறும் கப்பியுமாக. எவ்வளவு வசதி செய்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, ஆட்டுக்கு எட்டாமல் வேட்டியை உச்சிக்கே ஏற்றிவிட்டேன்.

மதியம் போல ஒரு பாய் தெரிந்தது. எதிர்க்காற்றில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வெட்டி வெட்டி வந்தது. இராசண்ணை, அவர் மனைவி, இன்னும் இரண்டு ஆட்கள். எல்லோரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். ஆளைத் தூக்கிப் போக ஒரு சாய்மனைக் கதிரையும் வந்திருந்தது.

"ஆருக்கு மாஸ்டர் வருத்தம்?"

"ஒருத்தருக்கும் இல்லையே."

அவர் கம்பத்தை நிமிர்ந்து பார்த்தார். "அதிலை வெள்ளை ஏத்தினால் ஆரோ சாகக் கிடக்கினம் எண்டு அர்த்தம். என்ன வேலை பாத்தியள்!"

நான் திருதிருவென்று முழித்தேன். அவர் மனைவிதான் என் முகத்தைக் கவனித்தார்.

"அவரைப் பேசாதையுங்கோ. பெடியன் தனிச்சுப்போச்சுது."

நோயாளிக்கென்று சுடுதண்ணிப் போத்தலில் கொண்டு வந்த கஞ்சியை மூடியில் ஊற்றி என் கையில் தந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு எல்லோரும் கதிரையைச் சுற்றி மணலில் இருந்து என் வேட்டியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். போகும்போது இராசண்ணை சொன்னார்:

"இனிக் கொடியிலை காயப்போடுங்கோ. தாங்கேலாட்டி மட்டும் அதிலை ஏத்துங்கோ. வாறன்."

அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது. அங்கே இருந்த வருஷங்களில் மறுபடி ஏற்றவேயில்லை.

பிறகு சண்டை வந்து, இராசண்ணை குடும்பம் எந்தப் பக்கம் இடம்பெயர்ந்தது என்றே தெரியாமல் போனது. போன வருஷம் தீவுக்குப் போனேன், எஞ்சின் போட்டில். தொலைபேசிக் கோபுரம் நிற்கிறது. கம்பம் நின்ற இடத்தில் சீமெந்து போட்டிருக்கிறார்கள்.

என் மனைவி காலமாகிவிட்டாள். மகன் கனடாவிலிருந்து ஞாயிறு தவறாமல் போன் எடுப்பான். "சுகமோ அப்பா?" "ஓம், சுகம்." அதற்கு மேல் சொல்ல வாய் வருவதில்லை.

நேற்று வேட்டி மத்தியானமே காய்ந்துவிட்டது. நான் எடுக்கவில்லை. கதிரையைப் போட்டுக்கொண்டு, ஒரு பாய் தெரியாதா என்று கடலைப் பார்த்தபடி இருந்தேன். பொழுதுபட்ட பிறகு நானே எழும்பி, எடுத்து மடித்து வைத்தேன்.