மணமேல்குடிக் கிழங்கில் செம்மண்

கோரைக் களை என்றால் விவசாயிக்கு எரிச்சல்தான் வரும். சீன வைத்தியத்தில் அதன் கிழங்குக்குத் தனி மரியாதை. மாதவிலக்கு வலிக்குக் கொடுக்கிறார்கள். கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டே நான் செய்த முனைவர் பட்ட ஆய்வு இந்தக் கிழங்கைப் பற்றியது. கடலோர உப்பு மண்ணில் விளைந்ததற்கும் கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் செம்மண் நிலத்தில் விளைந்ததற்கும் மருந்துச் சத்து ஒன்றா என்பதுதான் கேள்வி.

பொன்னமராவதிக் கிழங்கை நானே பஸ் ஏறிப் போய்த் தோண்டி வந்தேன். கடலோர மணமேல்குடிக் கிழங்குக்கு என் தோழி பொறுப்பு. அவளுக்கு அதுதான் ஊர். எங்கள் கல்லூரியிலேயே தாவரவியல் ஆசிரியை. "அங்கிட்டு நீ எதுக்கு அலையுற? அண்ணன் வயல்ல வேண்டிய மட்டும் கெடக்கு" என்பாள். இரண்டு வருடம் கழுவி, காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கூடவே ஊர்க்கதையும் வரும், அண்ணி வைத்த நண்டுக் குழம்பு உட்பட.

இரண்டு ஊர்க் கிழங்குக்கும் ஆய்வுக் கருவி வரைந்த கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் படிந்தன. மண் மாறினாலும் சத்து மாறாது என்று எழுதிவிட்டு நான் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு மாதம் இருக்கையில் கடைசிச் சோதனைக்குக் கிழங்கு போதவில்லை. அவசரத்தில் கழுவாத பை ஒன்றைக் கொடுத்துவிட்டு அவள் வகுப்புக்குப் போனாள். நான் கழுவினேன். பேசின் அடியில் செம்மண் தங்கியது. அவள் அண்ணன் வயல் கடலை ஒட்டிய மணல் பூமி. மூன்று முறை தண்ணீர் மாற்றியும் சிவப்பு போகவில்லை.

வகுப்பு முடிந்து அவள் வந்ததும் கேட்டேன். அவள் மறுக்கவில்லை.

"அண்ணனோட பேச்சு நின்னு ரெண்டு வருசமாச்சு. ஒங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. இது டவுன்ல எங்க வீட்டுப் பின்னாடி தோண்டுனது."

"மொதல்ல குடுத்தது?"

"எல்லாமே."

"அப்ப அந்த நண்டுக் குழம்பு?"

"ரெண்டும் கோரைதானடி. யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள். தாவரவியல் நடத்துகிறவள் பேசுகிற பேச்சா இது? அண்ணனோடு சண்டை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே மணமேல்குடிக்குப் போயிருப்பேன்.

ஆய்வை நிறுத்திவைக்கச் சொல்லி நெறியாளருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வெலைக்கு வாங்குனோம், கெழங்கு வித்தவரு ஏமாத்திட்டாருன்னு எழுதேன். எம்பேரு வேணாம்."

இரண்டு வருடம் அவள் சொன்னதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அன்று அவள் பெயரை எழுதினேன்.