அண்ணி வீட்டு ரம்புத்தான்

வயரிங் வேலை செய்கிறவர் என்பதால் தெருவில் எல்லாருக்கும் அவர் வயர்மேன்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டவர் அண்ணன் ஒருவர்தான். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். உயிரோடு இருந்தபோது எங்கிருந்தோ இரண்டு ரம்புத்தான் கன்றுகளைக் கொண்டுவந்து, தம்பி தோட்டத்தில் ஒன்றும், மதிலுக்கு அந்தப் பக்கம் தன் வீட்டில் ஒன்றுமாக நட்டிருந்தார்.

தம்பி மரம் சிவப்பு முடி சிலிர்த்த பழங்களாகக் காய்த்துத் தள்ளியது. அண்ணி வீட்டு மரம் பூப்பதோடு சரி. அதன் சருகு வேறு வயர்மேனின் மொட்டைமாடிக் குழாயை அடைத்து, மழை பெய்தால் கூடம் வரை ஒழுகியது.

அப்படி ஒழுகிய ஒரு காலையில், ஏணியில் நின்றபடியே கத்தினார்: "அந்த மலட்டு மரத்தை வச்சுக்கிட்டு என்ன அண்ணி பண்ணப் போறீங்க? சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது!"

அண்ணிக்குப் பிள்ளைகள் இல்லை. உலர்த்திக்கொண்டிருந்த துணியை நிதானமாக உதறிக் கொடியில் போட்டுவிட்டு, "வெட்டிடுங்க தம்பி" என்றார்.

மனசு மாறிவிடப் போகிறதே என்று அன்றைக்கே ஆள் கூட்டிவந்து அடியோடு சாய்த்தார் வயர்மேன்.

அடுத்த பருவத்தில் அவர் மரம் பூத்துக் குலுங்கியது. பிஞ்சு மட்டும் பிடிக்கவில்லை. உரம் போட்டும் ஒன்றும் நடக்காமல், நர்சரிக்காரரைக் கூட்டிவந்தார். அவர் பூவைக் கிள்ளிப் பார்த்தார்.

"இது பெண் மரம். பக்கத்துல ஆண் மரம் இருந்திருக்கணுமே?"

"இருந்துச்சு. காய்க்கலைன்னு வெட்டிட்டேன்."

"அட மனுஷா! அது பூத்ததாலதான் இது காய்ச்சிருக்கு."

மரம் போனதைவிட, ஏணியிலிருந்து வீசிய அந்த வார்த்தைதான் வயர்மேனை அறுத்தது. வேலையில் கை ஓடவில்லை. "என்கிட்ட புலம்பி என்ன ஆகப்போகுது? அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

போனார். ஃபேனைச் சரிபார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து அண்ணி ஸ்டூலை இழுத்துப் போட்டார். வயர்மேன் நின்றபடியே நடந்ததைச் சொன்னார். "அன்னிக்கு நான் மரத்தைத்தான் சொன்னேன் அண்ணி."

"தெரியும் தம்பி. என் காதுலதான் வேற மாதிரி விழுந்துச்சு. உங்கண்ணன் தண்ணி ஊத்துன மரம்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. அந்தப் பேச்சுக்கு அப்புறம் எப்படிச் சொல்றது?"

"நாலு வார்த்தை திட்டிடுங்க அண்ணி."

"திட்டினா உங்களுக்கு மனசு லேசாயிடும். எனக்கு?"

நர்சரிக்காரர் வேறொரு தோட்டத்து ஆண் மரத்திலிருந்து குச்சி கொண்டுவந்து வயர்மேன் மரத்துக் கிளையொன்றில் ஒட்டுக்கட்டினார். அது பூக்கச் சில வருஷம் பிடித்தது. மறுபடி காய்த்த முதல் கொத்தை வயர்மேன் அண்ணியிடம் கொடுத்தார். அண்ணி ஒன்றை உரித்து வாயில் போட்டு, "நல்ல இனிப்பு தம்பி" என்று மனசாரச் சிரித்தார்.

வயர்மேனுக்குத்தான் அந்த வருஷம் ஒரு பழம்கூடத் தொண்டையில் இறங்கவில்லை.