பல் டாக்டர் விற்ற சக்கரம்

என் சித்தி நகரப் பேருந்து ஓட்டுகிறாள். அம்மாவின் தங்கை, எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள். ஷிஃப்ட் இல்லாத நேரத்தில் நீந்துவாள், சைக்கிள் மிதிப்பாள், ஓடுவாள். இந்த மூன்றையும் நடுவில் மூச்சு வாங்கவிடாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யவேண்டிய போட்டிக்கு டிரையத்லான் என்று பெயர். சித்திக்கு அந்தப் பைத்தியம். டிப்போவில் அவளை 'மீன்' என்று கூப்பிடுகிறார்கள்.

"மீன் வந்தாச்சு, சீட்ல கொஞ்சம் தண்ணி தெளிங்கப்பா" என்று கண்டக்டர் சொல்வார்.

"வாயை மூடிட்டு விசிலை ஊதுய்யா" என்பாள் சித்தி.

போன வருடப் போட்டியில் அவள் ஓடவே இல்லை. ஓடவிடவில்லை. சைக்கிளில் இத்தனை மணிக்குள் வந்து சேரவேண்டும் என்று ஒரு கெடு இருக்கிறது. அது தாண்டியதும் பாதையின் குறுக்கே கயிற்றைக் கட்டிவிடுவார்கள். சித்தியின் கண் முன்னால்தான் கட்டினார்கள். கட்டியவரின் கைக்கடிகாரம்கூடத் தெரிந்தது என்றாள். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் பாத்திரங்களை எல்லாம் சத்தமாகவே வைத்தாள்.

"பஸ்ஸை ஒரு நாள்கூட லேட்டா கொண்டுபோனதில்லடி நான். என்னைப் பாத்து லேட்டுங்கறான்."

அந்தப் பாதை ஏரிக்கரையில் போகிறது. மரம் கிடையாது, கட்டிடம் கிடையாது. எதிர்க்காற்று முகத்தில் கை வைத்துத் தள்ளும். அதற்காகத்தான் அவளுக்கு அந்தச் சக்கரங்கள் வேண்டியிருந்தன. சாதாரண சைக்கிள் சக்கரத்தில் ரிம் ஒல்லியாக ஒரு விரல் அகலத்துக்கு இருக்கும். பந்தயச் சக்கரத்தில் அது உள்ளங்கை அகலத்துக்கு இறங்கியிருக்கும், கார்பனில் செய்திருப்பார்கள். காற்று அதன் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய்விடும். அதே காலால் அதே மிதி மிதித்தால் கொஞ்சம் சீக்கிரம் போய்ச் சேரலாம். சித்திக்கு அந்தக் 'கொஞ்சம்' போதும். புதிதாக வாங்குவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. பழையது கிடைத்தால் உண்டு.

அவள் சேர்ந்திருந்த சைக்கிள் கிளப்புக்குக் கேப்டன் ஒரு பல் டாக்டர். வருடத்துக்கு ஒரு ஜோடி சக்கரம் மாற்றுகிற ஆள். கிளப்பின் வாட்ஸப் குழுவில் தன் பழைய ஜோடியைப் படம் எடுத்துப் போட்டார். கறுப்பு ரிம், அதில் வெள்ளையாகப் பெரிய ஸ்டிக்கர். சித்தி அன்று சாப்பிடும்போதும் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டு வட்டத்துக்கா இவ்வளவு காசு?" என்றாள் அம்மா. "உன் பஸ்ல ஆறு இருக்கே, அதுல ரெண்டைக் கழட்டிட்டு வாயேன்."

"அக்கா, நீ சும்மா இரு."

"சும்மாதான் இருக்கேன். நீதான் சும்மா இருக்க மாட்டேங்கற."

விடுப்பில் போகவேண்டிய நாட்களில் எல்லாம் கூடுதல் ஷிஃப்ட் பார்த்துச் சித்தி பணம் சேர்த்தாள். வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். பள்ளி முடிந்து எதிலும் சேராமல் வீட்டில் இருக்கிறேன். மொபெட் என்னிடம்தான் இருக்கிறது. அதனால் சித்தி எங்கே சைக்கிள் ஓட்டினாலும் பின்னால் நான் இருப்பேன். கிளப்பின் வாட்ஸப் குழுவிலும் என்னைச் சேர்த்திருந்தார்கள்.

இங்கே டிப்போ வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் சித்தி ஏமாந்ததைப் படித்து, இவ்வளவு அசடா என்று நினைத்துவிடுவீர்கள். ஷிஃப்ட் மாறும்போது இறங்குகிற டிரைவர் ஏறுகிற டிரைவரிடம் வண்டியின் குறையை எல்லாம் வாயால் சொல்லிவிட வேண்டும். பிரேக் இடது பக்கம் இழுக்குது, பின்கதவு ஒட்டிக்குது, மூணாவது கியர் முரண்டு பிடிக்குது. ஏறுகிறவர் "வேற?" என்று கேட்பார். "வேற ஒண்ணுமில்ல" என்று பதில் வந்தால் சாவியை வாங்கிக்கொண்டு ஏறிவிடுவார். குனிந்து எதையும் பார்க்க மாட்டார். பார்ப்பது அவமரியாதை. அடித்துக்கொள்கிற டிரைவர்கள்கூட அந்த ஒரு கேள்விக்குப் பொய் சொல்ல மாட்டார்கள். பின்னால் ஒரு பஸ் நிறைய ஜனம் இருக்கிறது.

டாக்டர் வீட்டுக் கார் ஷெட்டில் சக்கரங்களைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார்.

"வாங்க டிரைவரம்மா. உங்களுக்குன்னுதான் வேற யாருக்கும் தரல" என்றார்.

"எப்படி ஓட்டினீங்க சார்?"

"ரேஸுக்கு மட்டும்தான். குழந்தை மாதிரி வச்சிருந்தேன். பின்சக்கரத்துல ஒரு கம்பி மாத்தினது. டயர் தேஞ்சிருக்கும், அதை மாத்திக்குங்க."

"வேற?"

"வேற ஒண்ணுமே இல்ல."

சித்தி பணத்தைக் கொடுத்துவிட்டாள். அவளைப் பொறுத்தவரை சாவி கைமாறிவிட்டது. சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்கவில்லை, ஸ்டிக்கரைத் தடவிப் பார்க்கவில்லை.

முதல் நாள் அந்தச் சக்கரம் போட்டுச் சித்தி போனதைப் பார்த்தேன். மிதிக்கும்போது ரிம்மிலிருந்து 'வ்வூம்' என்று ஒரு சத்தம் வந்தது. சமதளத்தில் மொபெட்டை முறுக்கித்தான் அவளைப் பிடிக்க முடிந்தது. திரும்பி என்னைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள்.

அப்புறம் மேம்பாலம் வந்தது. ஏறி, இறங்கும்போது கீழே சிக்னல் சிவப்பு. சித்தி பிரேக் பிடித்தாள். முன்சக்கரம் நின்று நின்று உதறுவது பின்னால் இருந்த எனக்கே தெரிந்தது. மெதுவாக ஓரம் கட்டினாள். இறங்கி, முன் ரிம்மில் பிரேக் கட்டை உரசுகிற இடத்தைக் கட்டைவிரலால் சுற்றிலும் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இங்க தொடுடி."

தொட்டேன். லேசாக வீங்கியிருந்தது. வீங்கியதை யாரோ உப்புத்தாளால் தேய்த்து, மேலே கறுப்பு மை பூசியிருந்தார்கள். என் விரலில் மை ஒட்டியது.

"மலை இறக்கத்துல பிரேக்கை விடாமப் பிடிச்சிட்டே வந்திருக்கான். சூட்டுல கார்பன் வெந்திருக்கு" என்றாள் சித்தி. அந்த இடத்துக்குக் கீழே ஸ்டிக்கர் ஆரம்பித்தது. நகத்தால் அதன் முனையைக் கிளப்பி உரித்தாள். அடியில் முடி மாதிரி ஒரு விரிசல் ஓடியது.

முன்சக்கரம். அந்த வேகத்தில் அது உடைந்தால் முகம்தான் முதலில் ரோட்டில் விழும். நான் பத்து அடி பின்னால் மொபெட்டில் வந்திருப்பேன். அவள் மேலேயே ஏற்றியிருப்பேன்.   சித்தியின் காது சிவந்துவிட்டது. அது நல்லதுக்கு இல்லை என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அங்கேயே நின்று போன் போட்டாள். ஸ்பீக்கரில் கேட்டேன்.

"பாருங்க டிரைவரம்மா, பழைய சாமான்னா அப்படித்தான். நாமதான் பாத்து வாங்கணும்."

"உங்ககிட்ட கேட்டேன் சார். வேறன்னு கேட்டேன்."

"கேட்டீங்க. விரிசல் இருக்கான்னு கேட்டீங்களா?"

 "இப்படி ஒரு ஆள் எங்க டிப்போவில இருந்தா மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி அடிச்சுத் துரத்திருப்போம்" என்றாள். அவர் வைத்துவிட்டார்.

விரிசலைப் படம் எடுத்துக் குழுவில் போட்டாள். யாராவது கேட்பார்கள் என்று நினைத்தோம். ஒருவர், 'கேப்டன் அப்படிச் செய்யமாட்டார்' என்று எழுதினார். இன்னொருவர், 'பள்ளத்தில் விட்டிருப்பீர்கள், பஸ் ஓட்டுகிற ஞாபகம்' என்று எழுதி ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார். அதற்குக் கீழே நிறையப் பேர் சிரித்தார்கள். எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அவர்களில் பாதிப் பேர் தினமும் சித்தி ஓட்டும் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார்கள். அவள் கையில் உயிரைக் கொடுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டே போவார்கள்.

ஆனால் குழுவில் படம் வந்தது டாக்டருக்கு உறுத்தியிருக்கிறது. அடுத்த நாள் அவரே கூப்பிட்டார். சக்கரங்களைக் கொண்டுவந்தால் முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறேன், அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார். அம்மாவுக்கு நிம்மதி. "போய் வாங்கிட்டு வா. வேற ஏதாவது நல்லதா வாங்கிக்கலாம்" என்றாள். போட்டிக்கு இன்னும் நாள் இருந்தது. பணம் வந்தால் வேறு ஜோடி கிடைக்கும். சித்தியும் அதே கணக்கில்தான் கிளம்பினாள்.

டாக்டரின் கிளினிக்கில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சித்தி பின்சக்கரத்தையும் நான் முன்சக்கரத்தையும் பிடித்துக்கொண்டு அவர்கள் நடுவே போனோம். உள்ளே டாக்டர் ஒரு கவரை மேஜைமேல் வைத்தார்.

"எண்ணிக்குங்க. சக்கரத்தை அந்த மூலையில சாத்திடுங்க."

சித்தி கவர் பக்கம் கையை நீட்டினாள். நீட்டிய கை நின்றது.

"இதை என்ன பண்ணுவீங்க சார்?"

"அது எதுக்கு உங்களுக்கு? ஒரு காலேஜ் பையன் கேட்டுட்டே இருக்கான். சும்மா பிராக்டீஸுக்குத்தானே."

"விரிசலைச் சொல்லுவீங்களா?"

"அவன் பாத்து வாங்கட்டுமே."

சித்தி கவரைத் தொடவில்லை. பின்சக்கரத்தை என்னிடம் தள்ளிவிட்டு, என் கையிலிருந்த முன்சக்கரத்தைப் பிடுங்கிக்கொண்டு வெளியே நடந்தாள். எதிரே ஒரு ஹார்டுவேர் கடை. கடைக்காரரிடம் இரும்பு அறுக்கும் ரம்பம் ஒன்று கேட்டாள். அவர் சக்கரத்தையும் அவள் முகத்தையும் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்.

நடைபாதையில் சக்கரத்தைச் சாய்த்து, நான் பிடித்துக்கொள்ள, சித்தி அறுக்க ஆரம்பித்தாள். கறுப்புத் தூள் பறந்தது. வாயைக் கைக்குட்டையால் கட்டிக்கொள்ளச் சொன்னாள். டாக்டர் கையுறையோடு வெளியே ஓடி வந்தார். பின்னாலேயே, பாதி வைத்தியத்தில் வாய்க்குள் பஞ்சோடு ஒருவரும் வந்தார்.

"என்னம்மா பண்றீங்க? அது என் சக்கரம்!"

"உங்க பணம் உங்க மேஜை மேலயே இருக்கு. அப்ப இது என் சக்கரம்."

"உங்களுக்குப் பைத்தியமா?"

"ஆமா. தள்ளி நில்லுங்க, கண்ணுல தூள் விழும்."

பஞ்சு வைத்தவர் ஏதோ சொன்னார். யாருக்கும் புரியவில்லை. ரிம் ஓரிடத்தில் துண்டானதும் கம்பிகள் விலுக்கென்று தளர்ந்தன. சித்தி அதோடு விடவில்லை. எதிர்ப்பக்கத்திலும் அறுத்தாள். இனி எந்தப் பசையும் எந்த ஸ்டிக்கரும் அதை ஒட்டவைக்க முடியாது என்று ஆன பிறகுதான் நிமிர்ந்தாள்.

பணம் போனது. பின்சக்கரம் மட்டும் மிஞ்சியது. அதையும் அவள் போடவில்லை. அந்த ஆள் ஒரு பொய் சொன்னால் இன்னொன்றும் சொல்லியிருப்பான் என்றாள். குழுவிலிருந்து எங்கள் இருவரையும் நீக்கினார்கள். அதற்குள் அந்தக் கல்லூரிப் பையனின் எண்ணைக் குழுவிலேயே தேடிப் பிடித்து நான் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். 'ரொம்ப தேங்க்ஸ்க்கா' என்று எழுதினான். எங்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

போட்டியன்று சித்தி தன் பழைய ஒல்லிச் சக்கரத்தோடே இறங்கினாள். கோபம் வந்தால் பலம் கூடும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். நான் கரையில் நின்று பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. காற்றுக்கு யார் கோபமும் தெரியாது. சித்தி பல்லைக் கடித்துக்கொண்டு தலையைக் கவிழ்த்து மிதித்து வந்தாள். போன வருடத்தைவிடக் கிட்டே வந்துவிட்டாள். ஆனாலும் கயிற்றைக் கட்டிவிட்டார்கள். டாக்டர் அதற்கு வெகு நேரம் முன்பே வேறு புதுச் சக்கரத்தில் போய், ஓடி முடித்து, கழுத்தில் பதக்கத்தோடு பழச்சாறு குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

சைக்கிளை மொபெட்டுக்குப் பக்கத்தில் சாய்த்துவிட்டுச் சித்தி புல்லில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். பாதியைக் குடித்து மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டாள்.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்டி" என்றாள்.

அவள் சக்கரத்தை அறுத்ததற்கு வருந்துகிறாள் என்று நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது. "இல்ல சித்தி, நீ செஞ்சதுதான் சரி" என்றேன்.

"அறுத்தது சரிதான். முதல்ல பணத்தை வாங்கிப் பையில போட்டிருக்கணும். அப்புறமா அறுத்திருக்கணும்."

"வாங்கிட்டா அது அவரோட சக்கரம் ஆயிடுமே."

"ஆகட்டுமே" என்றாள் சித்தி. "அவன் சக்கரமா இருந்தா இன்னும் நல்லா அறுத்திருப்பேன்."