எலுமிச்சம்பழத்துக்குக் கழன்ற கிளிப்

செல்லமுத்து என்ன தொழில் செய்கிறான் என்று புது ஆள் யாராவது கேட்டால் பதில் சொல்ல அவனுக்குக் கொஞ்சம் கூச்சம். "கம்பெனி வெச்சிருக்கேனுங்க" என்பான். என்ன கம்பெனி என்று அடுத்த கேள்வி வரும். சட்டைப் பையில் கையை விட்டு ஒரு பித்தளைத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டுவான். புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிது. தகட்டை வெட்டி, இரண்டு ஓரத்தையும் உள்பக்கமாகச் சுருட்டி விட்டது. ஒரு முனை வயரைக் கவ்வும். மறு முனை, லைட்டின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டு நாக்கில் போய் மாட்டிக்கொள்ளும். எந்த லாரியைப் பிரித்தாலும் உள்ளே இதுமாதிரி கொத்துக் கொத்தாக இருக்கும். கேட்டவர் முகம் போகிற போக்கைப் பார்த்துவிட்டு, "ஆமாங்க, பொருளு சிறுசு, பேச்சுத்தான் பெருசு" என்று அவனே சொல்லிவிடுவான். அடுத்தவன் சொல்வதற்கு முன்னால் நாமே சொல்லிக்கொண்டால் அவ்வளவாக உறைக்காது என்பது அவன் கண்டுபிடிப்பு. அவன் கண்டுபிடித்ததில் ஒழுங்காக வேலை செய்தது ரொம்ப நாளைக்கு அது ஒன்றுதான்.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதாக ஊட்டில் சொல்லி வைத்திருக்கிறான். உண்மையில் பள்ளிக்கூடம்தான் அவனை விட்டது. அதற்கப்புறம் பாதி ஆயுசு லாரிக்கு அடியில் போயிற்று. நாமக்கல்லிலிருந்து பரமத்தி போகிற ரோட்டில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளில் வயரிங் வேலை. மல்லாக்கப் படுத்துப் படுத்து முதுகு போய்விட்டது. கடைசிக் காலத்தில் படுத்தால் எழுந்திருக்க முடியாது. யாராவது காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட வேண்டும். "பொணத்தைக் கூட இத்தனை தடவை இழுக்க மாட்டாங்க" என்று இழுக்கிறவனிடமே சொல்லிச் சிரிப்பான்.

அப்படிப் படுத்திருந்த காலத்தில் அவனுக்கு ஆகாத ஒரே எதிரி இந்தக் கிளிப்தான். கடையில் வாங்கி மாட்டினால் வண்டி ரெண்டு லோடு அடிப்பதற்குள் லூசாகும். லூசானால் சூடாகும், சூடானால் மேலே போட்ட பிளாஸ்டிக் உருகும், லைட் போகும். இடுக்கியால் ஒரு அமுக்கு அமுக்கினால் ஒரு மாதம் ஓடும். ஒரு நாள் டீக்கடையில், நாலு பேர் இருக்கும்போது, "கழலாத கிளிப் ஒண்ணை நானே பண்றேன் பாருங்க" என்று சொல்லிவிட்டான். சொன்னதோடு விட்டிருக்கலாம். டீக்கடையில் அன்றைக்கு இன்னொருத்தன் எம்.எல்.ஏ. ஆகப் போவதாகச் சொன்னான், அவனை யாரும் மறுநாள் கேட்கவில்லை. செல்லமுத்துவை மட்டும் எல்லாரும் கேட்டார்கள்.

அவன் பொஞ்சாதி முத்தாயம்மாள் ரெண்டு எருமையை விற்றுக் தகட்டை அமுக்கி வளைக்க, கையால் சுற்றும் பழைய பிரஸ் ஒன்றை வாங்க விட்டாள். எருமைக் கொட்டாயிலேயே பிரஸ் நின்றது. "எருமையாச்சும் சாணி போட்டுச்சு" என்று காலையில் பாக்கெட் பாலைக் கத்தரித்து ஊற்றும்போது அவள் சொல்வது வழக்கம்.

அவன் வேலை பார்த்த பாடி பட்டறையின் முதலாளி தனபால் வயசில் சின்னவன், ஆனால் பேச்சில் கறார். "உங்க கிளிப் நின்னுச்சுன்னா என்ற பட்டறைல கட்டற வண்டிக்கெல்லாம் அதேதானுங்ணா. நிக்கலீன்னா பேசாம வந்து பழையபடி வண்டிக்கு அடியில படுத்துக்குங்க. உங்க எடம் காலியாத்தான் இருக்குது" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். கேட்ட மாத்திரத்தில் செல்லமுத்துவின் முதுகு வலிக்க ஆரம்பித்தது.

முதல் கிளிப்பை அவன் ஒரே கொள்கையில் செய்தான்: கழலக் கூடாது. ஓரத்தை எவ்வளவு இறுக்கிச் சுருட்ட முடியுமோ அவ்வளவு இறுக்கினான். கொட்டாய் விட்டத்தில் கம்பியைக் கட்டி, கிளிப்பை மாட்டி, அதன் அடியில் மாவாட்டும் கிரைண்டரின் குழவிக் கல்லைத் தொங்கவிட்டான். கல் ஆடிக்கொண்டே நின்றது. முத்தாயம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நிக்குதுங்க மாமா, நிக்குது. மாவு எப்ப ஆட்டறது?"

தனபால் பட்டறையில் வயரிங் பார்க்கிற ரமேஷ்குமார் கிளிப்பை வாங்கி லைட்டில் மாட்டப் போனான். மாட்டவே சுத்தியல் கேட்டான். மாட்டியாயிற்று. பிறகு கழற்ற முடியவில்லை. இடுக்கி போட்டு இழுத்தான், காலை முட்டுக் கொடுத்து இழுத்தான். கடைசியில் லைட்டின் நாக்கே ஒடிந்து, கிளிப்போடு கையில் வந்தது.

"மாமா, இது கிளிப் இல்ல, ஆயுள் தண்டனை" என்றான் ரமேஷ்குமார். "பல்பு பீசானா வண்டியவே மாத்தோணும்."

செல்லமுத்து ஒடிந்த நாக்கை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். "கழலாதுன்னு சொன்னேன், கழலலை. எம் மேல என்ன தப்பு மாப்ள?" என்று சொல்லிவிட்டு வந்தாலும், வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டுதான் மொபெட்டை ஓட்டினான்.

இனி இறுக்கம் குறைய வேண்டும். அதற்குத் தகடு கொஞ்சம் இளக வேண்டும் என்று முடிவு செய்தான். சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் தகடு விற்கிற கடைக்காரர், "இளக்கமா வேணுமா, விறைப்பா வேணுமா?" என்று கேட்டதற்கு, "நல்ல விறைப்பா குடுங்க, நமக்கு எல்லாமே ஒசத்தியா இருக்கோணும்" என்று மார்தட்டி வாங்கி வந்திருந்தான். அந்தத் தகடு அவன் அச்சில் படிய மறுத்தது. பிரஸில் மாட்டுகிற அந்த அச்சு பழைய லாரி இரும்பில் அவனே ராவி எடுத்தது; ரெண்டு தரம் ஓரம் பேர்ந்துவிட்டது. ஆகவே தகட்டை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, பிறகு அமுக்கினான். வெண்ணெய் மாதிரி வளைந்தது. கிளிப் அழகாக வந்தது. விரலால் மாட்டினால் மாட்டியது, இழுத்தால் வந்தது. கொட்டாயில் உட்கார்ந்து ஒரு கிளிப்பை மட்டும் வைத்து மாட்டி, கழற்றிப் பார்த்துச் சிரித்துக்கொண்டான். இன்னும் நாலு தடவை மாட்டிப் பார்த்திருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். சந்தோசத்தில் பார்க்கவில்லை.

அந்தக் கிளிப் போய் உட்கார்ந்த வண்டி ஓமலூர்க்காரர் பச்சமுத்துவுடையது. புது லாரி. பட்டறையிலேயே பூஜை. வண்டிக்கு மாலை, முன் கண்ணாடிக்கு மஞ்சள் குங்குமம், நாலு சக்கரத்துக்கு அடியில் நாலு எலுமிச்சம்பழம். பச்சமுத்து குடும்பமே வந்து நின்றது. ரமேஷ்குமார் சுவிட்சைப் போட்டான். முன் லைட் ரெண்டும் பளிச்சென்று எரிந்தது. தேங்காய் உடைத்தார்கள். தனபால் ஒரு பக்கமாக நின்ற செல்லமுத்துவைப் பார்த்துத் தலையாட்டினான். அவனும் பெரிய மனுசன் மாதிரித் திருப்பித் தலையாட்டினான்.

டிரைவர் கியரைப் போட்டு வண்டியை நகர்த்தினார். சக்கரம் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்கியது. அவ்வளவுதான் குலுக்கல். இடது பக்க லைட் அணைந்தது.

பச்சமுத்துவின் பொஞ்சாதி சுப்பம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, மொத அடியிலயே ஒத்தக் கண்ணு போச்சுங்களே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க்கா, கண்ணு பட்டது கழிஞ்சிருச்சுன்னு நெனச்சுக்குங்க" என்று தனபால் சமாளித்தான். ரமேஷ்குமார் ஓடிப்போய் உள்ளே கையை விட்டான். கிளிப் வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. லைட்டைப் பூட்டும்போது அவன் ரெண்டு மூணு தரம் கழற்றி மாட்டியிருக்கிறான். அதிலேயே அகண்டுவிட்டது. போன வழியே திரும்பிச் சுருங்க அதற்குத் தெம்பில்லை.

கூட்டம் கலைந்த பிறகு தனபால் கிட்டே வந்தான். "பள்ளத்துல உளுந்து கழண்டா சரி, மேட்டுல ஏறிக் கழண்டா சரி. எலுமிச்சம்பழத்துக்கா கழலும்?"

"பழம் கொஞ்சம் பெருசுங்க தம்பி" என்றான் செல்லமுத்து. தனபால் சிரிக்காததால் தானே கொஞ்சம் சிரித்துப் பார்த்தான். அதுவும் பாதியில் நின்றுவிட்டது.

"இன்னொரு தடவைதானுங்ணா. அப்பறம் நீங்க கோவிச்சுக்கப்படாது."

அடுத்த பத்துப் பதினைந்து நாள் அவன் கொட்டாய்ப் பக்கம் போகவில்லை. தனபால் பட்டறைக்குப் போய், வேலை செய்கிறவர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டு திரிந்தான். சொந்த வேலை ஓடாதவன் செய்கிற வேலை அது. ஒரு மத்தியானம், நின்றிருந்த லாரி ஒன்றில் டிரைவர் ஒருவர் சக்கரத்துக்கு மேலே குலுக்கலைத் தாங்குகிற வில்லுப்பட்டையை ஒட்டி ஒரு கொக்கியைப் பற்றவைக்க கேஸ் நெருப்பைக் கொண்டுபோனார். செல்லமுத்து தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு ஓடினான்.

"யோவ்! வில்லுப்பட்டைக்கிட்ட நெருப்பைக் காட்டாதய்யா! சூடு கண்டா அதுக்கு விறைப்பு போயிரும். அப்பறம் அமுக்குனா அமுங்கிட்டே கெடக்கும், எந்திரிக்காது. இது கூடத் தெரியாம என்னய்யா வண்டி ஓட்டறீங்க?"

"சரிங்ணா, சரிங்ணா. அதுக்கு ஏன் இந்தக் கத்துக் கத்தறீங்க?"

செல்லமுத்து வாய் திறந்தபடி நின்றான். பாதி ஆயுசு இதே வசனத்தை எத்தனை டிரைவருக்குச் சொல்லியிருப்பான். அமுக்கினால் அமுங்கி, விட்டால் எழுந்திருப்பதற்குத்தானே விறைப்பு. தகட்டைக் காசு கொடுத்து விறைப்பாக வாங்கி வந்து, அடுப்பில் வைத்துக் காய்ச்சி, விறைப்பை எல்லாம் எடுத்துவிட்டு, ஏன் கவ்வவில்லை என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தவன் யார்?

ஊட்டுக்குப் போனதும் முத்தாயம்மாளிடம் சொன்னான். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஊருக்கெல்லாம் சொன்னேன் முத்தாயி, எனக்கு மட்டும் சொல்லிக்கலை."

"சொல்லியிருந்தா மட்டும்? யாரு சொன்னாலும் கேக்க மாட்டீங்க. நீங்களே சொன்னாக் கேட்ருவீங்களாக்கும்?"

காய்ச்சுவதை நிறுத்தினான். நிறுத்தியதும் தகடு சுருட்டுகிற இடத்தில் வெடித்தது. கொட்டாயில் வெடித்த கிளிப் குமிந்தது. தகட்டிலும் துணி மாதிரி ஒரு ஓட்டம் இருக்கிறது, அதன் போக்கிலேயே மடக்கினால் வெடிக்கும், குறுக்கே மடக்கினால் தாங்கும் என்பது, குமிந்து முட்டியளவு வந்த பிறகுதான் புத்தியில் பட்டது. தகட்டைத் திருப்பிப் போட்டு வெட்டினான். அச்சைத் திருச்செங்கோட்டில் போர் போடுகிற ரிக் வண்டிக்குச் சாமான் கடைகிற லேத்துப் பட்டறையில் கொடுத்து நல்ல இரும்பில் செய்து வாங்கினான். தன்னால் முடியாததை முடியாது என்று ஒத்துக்கொண்டதில் கொஞ்சம் வலித்தது, ஆனால் முதுகு வலிக்கு அது எவ்வளவோ மேல்.

கிளிப்பின் அடிப்பக்கத் தகட்டில் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டான். நாக்கு நுழையும்போது கிளிப் கொஞ்சம் அகன்று கொடுத்துத் திரும்பச் சுருங்க வேண்டும் அல்லவா, அதற்கு. லைட்டின் நாக்கில் ஏற்கெனவே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது எதற்கு என்று இத்தனை வருசம் அவன் கேட்டதே இல்லை. கிளிப்பின் உள்ளே ஒரு குமிழ் தட்டிப் பார்த்தான். குமிழ் போய் ஓட்டையில் உட்கார்ந்தபோது 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. மறுபடி இழுத்தான், மாட்டினான். டிக். அன்றைக்கு முத்தாயம்மாள் கொட்டாய்க்கு வந்து, "அதென்ன பல்லி மாதிரிச் சத்தம்?" என்று கேட்கிற வரைக்கும் அதையே செய்துகொண்டிருந்தான்.

இந்தத் தடவை புது வண்டி வேண்டாம் என்று தனபாலே சொல்லிவிட்டான். தன்னுடைய பழைய லாரியில், கல்லுக்குழிக்கு ஜல்லி ஏற்றப் போகிற வண்டியில், முன்னாலும் பின்னாலும் மாட்டச் சொன்னான். அந்தப் பாதையில் போனால் டிரைவரின் வெற்றிலைப் பாக்கே வாயில் நிற்காது. ஒரு மாதம் போயிற்று. செல்லமுத்து தினம் ஒரு சாக்கு வைத்துப் பட்டறைக்குப் போய், கேட்காமல் திரும்பினான்.

வண்டியை நிறுத்திப் பார்த்த அன்று ரமேஷ்குமார் லைட்டுக்குப் பின்னால் ரெண்டு விரலை விட்டான். டிக் என்று வந்தது. டிக் என்று போயிற்று. தனபால் அவனை விலக்கிவிட்டுத் தானே கழற்றினான், மாட்டினான், வயரைப் பிடித்து ஆட்டினான், மறுபடி கழற்றினான். செல்லமுத்து லாரியின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சரிங்ணா" என்றான் தனபால். "பின்னாடி லைட்டுக்கெல்லாம் உங்களுதுதான். முன்னாடி இப்ப வேண்டாம். ஓமலூர்க்காரர் ஊடு ஊடாப் போயி ஒத்தக் கண்ணுக் கதையச் சொல்லிட்டிருக்காரு. அடுத்த வருசம் பாக்கலாம்."

"பின்னாடியே போதுங்க தம்பி" என்றான் செல்லமுத்து. "நமக்கு முன்னாடி நின்னு பழக்கமில்ல."

இந்தக் கிளிப் பூட்டிய முதல் புது லாரி பட்டறையை விட்டுப் பொழுது சாய்கிற நேரத்தில் கிளம்பியது. செல்லமுத்து தன் மொபெட்டில் ஊட்டுக்குப் போகிற பாதையை விட்டு அதன் பின்னாலேயே போனான். பிரேக் போட்டால் சிவப்பு எரிந்தது, திரும்பினால் மஞ்சள் சிமிட்டியது. வேகத்தடை ஒவ்வொன்றிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டான். சுங்கச்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் லாரி ஓரங்கட்டி நின்றது. டிரைவர் இறங்கி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, பின்னாலயே வர்றீங்க, பைனான்ஸ் ஆளுங்களா? புது வண்டிங்க. இன்னும் மொத டியூவே வரலீங்க."

"அய்யோ இல்லீங்க. லைட்டு எரியுதான்னு பாக்க வந்தேனுங்க."

டிரைவர் திரும்பித் தன் வண்டியைப் பார்த்தார். பிறகு இவனைப் பார்த்தார்.

"எரியுதுங்களா?"

"எரியுதுங்க."

"அப்பறம் ஊட்டுக்குப் போங்களேன்."

"இந்தச் சுங்கச்சாவடி வேகத்தடை மட்டும் தாண்டிட்டீங்கன்னா போயர்றேனுங்க" என்றான் செல்லமுத்து.

டிரைவர் ஏறி வண்டியை எடுத்தார். வேகத்தடையில் வேண்டுமென்றே வண்டியை ஒரு தரம் தூக்கிப் போட்டார். பின்னால் ரெண்டு சிவப்பும் எரிந்துகொண்டே போயின.